ஆலங்கட்டி விழுந்த கார், அதன்பின் வந்த கிளைம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சாம்பல் கார்:
மழையை விவரிக்கப் போவதில்லை. இந்தத் திரியைத் திறக்கிறவர்கள் எல்லோரும் கூரையில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள்தான். எனக்கு இன்னும் உறுத்துவது, சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்துபோன அரை மணி நேரம்.

மேகமூட்டமான மதியம். காலையில் தூறியதில் கார் நனைந்திருந்தது. மெழுகுப் பென்சிலால் கூரையில் 9 வட்டம் போட்டார், பானெட்டில் 4. டிக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேறு ஏதாவது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா?" என்று கேட்டார். நானும் குனிந்து பார்த்தேன். நீர்த்துளிகளுக்கு நடுவே எது ஒடுக்கு, எது துளி என்று பிரிக்க முடியவில்லை. "இல்லை சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பட்டறையில், ஒடுக்கு எடுப்பவர் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, கோடு கோடாக ஒளி வீசும் நீள விளக்கு ஒன்றைப் பானெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். நேராக ஓட வேண்டிய கோடுகள் குளத்து நீரில் தெரியும் கம்பம்போல நெளிந்தன. ஒவ்வொரு நெளிவும் ஒரு ஒடுக்கு. 4 என்று எழுதப்பட்ட பானெட்டில் 31 வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தாளின் அடியில் இருந்த என் கையெழுத்தை மட்டும் பார்த்தார்.

கூடுதல் மதிப்பீடு அனுப்பினார். பெரும்பகுதி கிடைத்தும் விட்டது. ஆகவே என் குறை பணத்தைப் பற்றியதல்ல. அந்த "இல்லை சார்" இருக்கிறதே, அதுதான்.

பின்சீட்டு:
என்னுடையது இன்னொருவரிடமிருந்து வாங்கிய கார். நான்கு வருடமாக ஓட்டுகிறேன். கிளைம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பானெட்டில் இருந்தவற்றைக் கம்பியால் அடியிலிருந்து நெம்பி நெம்பி ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஒடுக்கு இருந்த இடம் தெரியாமல் போவதைப் பார்க்கவே அலுக்கவில்லை. பிறகு கூரையின் உட்துணியைக் கழற்றிக் கம்பியை உள்ளே விட்டார்.

டிக் என்று ஒரு சத்தம். முட்டை ஓடு உடைவதுபோல ஒரு சில்லு பெயிண்ட் தெறித்து அவர் காலடியில் விழுந்தது. பார்த்தால், அடியில் தகடு இல்லை, பட்டி. கூரையின் பாதிக்கு மேல் பட்டி பூசித் தேய்த்துச் சமன் செய்திருந்தார்கள். கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: "இந்தக் கார் ஒருமுறை உருண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அந்தக் கூரைக்குக் கீழேதான் நான்கு வருடமாகக் குழந்தைகளை உட்கார வைத்திருந்தேன்.

கம்பெனி மற்ற பாகங்களுக்கு ஒப்புக்கொண்டது. கூரைக்குப் 'பழைய வேலை' என்று எழுதிக் கழித்துவிட்டது. அதில் தவறு சொல்ல முடியாது.

கேள்விக்குறி:
நான் கிளைமே போடவில்லை. முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, உடனே தூசு ஊதும் காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக் குளிர அடித்தேன். பானெட்டின் நடுவில் இருந்த ஒன்று டொக் என்று வெளியே வந்தது. என் கண்ணால் பார்த்தேன். மீதி 20 வரவில்லை. ஆனால் அந்த ஒன்று வந்தது. யாரும் நம்ப மறுக்கிறார்கள்.

மேல்மாடி:
என் கதை சிறியது. ஆலங்கட்டி விழுந்தது நள்ளிரவு தாண்டி இருபது நிமிடத்தில். தூக்கக் கலக்கத்தில் அதை முந்தைய நாள் என்றே நினைத்துப் படிவத்திலும் அந்தத் தேதியையே எழுதினேன். அந்தத் தேதியில் இந்தப் பகுதியில் ஆலங்கட்டி விழவில்லை என்று வானிலைப் பதிவை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு தேதியைத் திருத்த ஒரு மாதம் ஆனது.

கேள்விக்குறி அவர்களுக்கு: ஒன்று வந்ததை நம்புகிறேன். அது ஏன் வந்தது என்பதையும் கேளுங்கள். தகடு நீளாமல் வெறுமனே உள்வாங்கி நின்றிருந்தால் சூடும் குளிரும் அதைத் துள்ள வைக்கலாம். ஆலங்கட்டி ஒரு சின்ன இடத்தில் அடிப்பதால், பெரும்பாலும் நடுப்புள்ளியில் தகடு நீண்டுவிடுகிறது. நீண்டதை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தித்தான் திரும்பச் சேர்க்க முடியும். உங்கள் 20 ஒடுக்குகள் உங்களோடு பிடிவாதம் பிடிக்கவில்லை. சிலர் உலர்பனிக்கட்டியையே வைத்துப் பார்க்கிறார்கள். அது மைனஸ் 78 டிகிரி. ஒடுக்கு வெளியே வருமுன் பெயிண்ட் விரிசல் விடும், கையும் புண்ணாகும். பெயிண்ட் விரிசல் விட்டால் கம்பி வேலை அங்கேயே முடிந்தது. அதன்பின் பட்டி, பெயிண்ட் என்று பழைய வழிதான்.

சாம்பல் கார், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். சர்வேயர் வருமுன் காரைக் கழுவித் துடைத்துக் காய வையுங்கள். உச்சி வெயிலும் மேகமூட்டமும் ஒடுக்கை மறைக்கும். காலையிலோ மாலையிலோ சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் தெரியும். அதுவும் கிடைக்காவிட்டால் இரவில் ஒரு டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் 'கழற்றிய பின் தெரியவரும் சேதம் இதில் அடங்காது' என்று ஒரு வரி எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கூடுதல் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் வருமுன் வேலையைத் தொடங்க விடாதீர்கள். எடுத்துவிட்ட ஒடுக்கை யாருக்கும் காட்ட முடியாது. பானெட்டில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அது இரும்புபோலப் பணிந்துவராது, நேரம் பிடிக்கும், மதிப்பீடும் ஏறும். முன்கண்ணாடி மாற்றினால், அதன் பின்னால் கேமரா இருந்தால் அதைத் திரும்பச் சீரமைக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். கூரைத் துணியைக் கழற்றுகிறவர் பக்கவாட்டுத் திரை ஏர்பேக்குகள் இருந்தால் அங்கேதான் மடிந்திருக்கும் என்று தெரிந்தவரா என்றும் கேளுங்கள். "உங்கள் பங்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் பட்டறையின் பக்கமே போகாதீர்கள். பாலிசிப்படி நாம் கட்ட வேண்டிய தொகையை வேறு எந்த பில்லில் ஏற்றுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாம் தரப்பு பாலிசி மட்டும் வைத்திருப்பவர்கள் இதை எல்லாம் படித்தே பயனில்லை. அதில் சொந்த காருக்கு எதுவும் கிடையாது.

ஈரக்குடை:
மேல்மாடி எழுதியதைப் படித்து முடிப்பதற்குள் இன்னொரு மழை வந்துவிடும்.

நான் செய்த தவறு அவர் பட்டியலில் இல்லை. முதல் முறை அடித்தபோது ஒடுக்குகளை எடுக்காமல் பணமாக வாங்கிக்கொண்டேன். கார் ஓடுகிறது, அழகு யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். அது பாலிசியில் இடமுள்ள விஷயம்தான், ஒளித்துச் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடியும் அடித்தது, முன்பைவிடக் கடுமையாக. கிளைம் போட்டேன்.

அலுவலகத்தில் ஓர் அம்மா கோப்பைத் திறந்து ஒரு படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். டிக்கியில் ஒரு ஒடுக்கு. அதைச் சுட்டிக்காட்டி ஒரு விரல். நகத்தில் நீலப் பெயிண்ட் கறை. அந்த வாரம் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்திருந்தேன். "இது உங்கள் விரல்தானே சார்?" என்று கேட்டார். கேலி எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஒன்றுகூட விடுபடக் கூடாது என்று முதல் முறை 60 படங்கள் எடுத்துக் கொடுத்தவன் நான். அந்த 60-ஐயும் வைத்து, பழையது எது, புதியது எது என்று கழித்தார்கள். பழைய ஒடுக்கின் மேலேயே புதியது விழுந்த இடங்களும் உண்டு. அதை எப்படிப் பிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கேள்விக்குறி:
மேல்மாடி அவர்களே, ஒன்று வந்தது என்றுதான் சொன்னேன். எல்லோரும் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. தேதியைச் சரியாக எழுதத் தெரியாதவரிடம் தகடு நீளும் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது.

மேல்மாடி:
நள்ளிரவு 12:20-க்கு நீங்கள் விழித்திருந்து பாருங்கள்.

கம்பி பிடிப்பவன்:
நான் இந்த வேலை செய்கிறவன். முதலில் பின்சீட்டு அவர்களுக்கு: பழைய கார் வாங்கும்போது பெயிண்ட் தடிமன் பார்க்கும் சின்னக் கருவியோடு ஒருவரைக் கூட்டிப்போங்கள். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். பட்டி இருந்தால் எண் பல மடங்கு ஏறிவிடும். கம்பியை விடுமுன் நாங்களும் அதைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கூரையில் அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது.

என் விஷயம் வேறு. ஒரு முறை ஒருவர் வந்தார். காரில் ஏழெட்டு ஒடுக்குகள்தான். அவர் கட்ட வேண்டிய பங்கைக் கழித்தால் கம்பெனியிடமிருந்து எதுவும் வராது. "இன்னும் கொஞ்சம் சேர்க்க முடியுமா?" என்று கேட்டார். எதைச் சேர்ப்பது என்று எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முடியாது என்றேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அதே கார், அதே ஆள். இப்போது இரண்டு பக்கக் கதவுகளிலும் ஒடுக்குகள். காற்றோடு வரும் ஆலங்கட்டி நிற்கும் காரின் ஒரு பக்கத்தைத்தான் பலமாக அடிக்கும். அதன் ஒடுக்குகள் பெரிதும் சிறிதுமாக, ஓரம் மழுங்கி, ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். இவை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே அளவில், நடுவில் கூர்மையாக இருந்தன. இரண்டு இடங்களில் பெயிண்டும் சிராய்த்திருந்தது. பந்து முனைச் சுத்தியல். பார்த்ததுமே தெரிந்தது.

அன்று மாலை சர்வேயர் வந்தார். வயதானவர், அமைதியானவர். கதவில் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கார்க்காரரும் அங்கேயே நின்றிருந்தார். அவர் கண் என் மேல்தான் இருந்தது. "நீங்கள் சொல்லுங்கள். இது ஆலங்கட்டியா?" என்றார் சர்வேயர்.

நான் கையில் இருந்த கம்பியைத் துடைக்க ஆரம்பித்தேன். அதில் துடைப்பதற்கு ஒன்றுமில்லை.

பின்சீட்டு:
கருவியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. இனிமேல்தானே உதவும்.

சாம்பல் கார்:
கம்பி பிடிப்பவரே, அப்புறம் என்ன ஆனது? அவருக்குப் பதில் சொன்னீர்களா?

கம்பி பிடிப்பவன்:
சொல்லவில்லை. அவரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளில் ஏதோ எழுதினார். நான் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அந்த கார் என்னிடம் திரும்ப வரவும் இல்லை.