பேஸுக்கு ஒரு சொல் போதாது

குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

இரண்டு கிழமையாக வந்த மடல்களை நேற்றிரவு முதலிலிருந்து வாசித்தேன். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றார் வாங்கப்போகும் பிள்ளைகளுக்காக நாங்கள் எழுதும் வழிகாட்டியில் அந்த வாத்தியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. அடித்தளக் கிற்றார், தாழ்சுருதிக் கிற்றார், மெலிவுக் கிற்றார், மந்தரக் கிற்றார் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. என் வாக்கு, தாழ்ந்த ஸ்தாயியைக் குறிக்கும் மந்தரத்துக்கு. ஆனால் அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். பேஸ் என்று வாயால் சொல்லும்போது நாங்கள் இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறோம். ஒன்றுக்கு மட்டும் பெயர் வைத்தால், வழிகாட்டியை வாசித்த பிள்ளை மேடையில் போய் முழிக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உப்புவெளிப் பக்கம் ஒரு கோயில் முன்றலில் மேடை. பின்னால் பனைகள், அதற்கும் பின்னால் கடல். ஒலிக் கலவை மேசையில் (மிக்சரில்) ஏழாவது சனலுக்குக் கீழே வெள்ளை ரேப் ஒட்டி, நீல மார்க்கரால் 'பேஸ்' என்று எழுதியிருந்தது. அது என் சனல். இரண்டாவது பாட்டில் என் கிற்றார் எனக்கே கேட்கவில்லை. ஒலியமைப்புக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தி, "அண்ணா, பேஸைக் கூட்டுங்கோ" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கூட்டினார். கூட்டியது மொத்தச் சத்தத்துக்குமான பேஸ் குமிழை. டிரம் கும்மென்று ஊதியது. பாடகியின் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல ஆனது. மைக்குகள் வழியாக ஒரு நீண்ட உறுமல் கிளம்பி, முன்வரிசையில் இருந்த குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியது. என் கிற்றார் அப்போதும் கேட்கவில்லை. அவரில் பிழை இல்லை. நான் சொன்ன சொல்லைத்தான் அவர் கேட்டார்.

சுரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஒன்று. சத்தத்தின் உடம்பு எவ்வளவு பெரிது என்பது இன்னொன்று. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பியைத் திறந்தபடி மீட்டினால் 41 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 41 அதிர்வு) வரும். அதைக் கைபேசியில் பதிந்து, அதன் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். அந்த ஸ்பீக்கரால் 41 ஹேர்ட்ஸைத் தரவே முடியாது. ஆனாலும் அது எந்தச் சுரம், எந்த ஸ்தாயி என்று காது பிடித்துவிடுகிறது. 82, 124, 165 என்று மேலே போகும் மேற்றொனிகளைக் கேட்டே மூளை அடியில் இருக்க வேண்டியதைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. அங்கே மந்தரம் இருக்கிறது. நெஞ்சில் வந்து முட்டும் அந்தக் கனம் இல்லை. ஆகவே என் முன்மொழிவு: சுரத்தின் இடத்துக்கு மந்தரம், சத்தத்தின் உடம்புக்குக் கனம். குமிழைத் திருப்பச் சொல்லும்போது "கனத்தைக் கூட்டுங்கோ", என் சனலை ஏற்றச் சொல்லும்போது "மந்தரக் கிற்றாரைக் கூட்டுங்கோ".

மற்ற மூன்று சொற்களையும் ஏன் விடுகிறேன் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 'அடித்தளம்' எழுத்துமயக்கத்தில் பிறந்தது. ஆங்கிலத்தில் தாழ்ந்த தொனியைக் குறிக்கும் பேஸும் அத்திவாரத்தைக் குறிக்கும் பேஸும் காதுக்கு ஒன்று, வேர் வேறு. தமிழில் எழுதும்போது எழுத்தும் ஒன்றாகிவிடுவதால் எவருக்கும் தடுமாறும். 'தாழ்சுருதி' வாசிக்கிறவரைக் குழப்பும். சாதாரணக் கிற்றாரில் கம்பிகளை அரைச் சுரம் இறக்கிக் கட்டினாலும் அது தாழ்ந்த சுருதிதான். 'மெலிவு' தாழ்ந்த ஸ்தாயிக்குப் பழைய சொல். சிலப்பதிகாரத்திலேயே வலிவு, மெலிவு, சமன் மூன்றும் வருகின்றன. எனக்கு அதில் நல்ல மரியாதை உண்டு. ஆனால் 2.67 மில்லிமீற்றர் தடித்த கம்பியைக் கையில் கொடுத்து "இது மெலிவுக் கம்பி" என்றால் பிள்ளை என்ன நினைக்கும்?

இந்த இரண்டு சொற்களும் வழிகாட்டிக்கே ஒரு ஒழுங்கைத் தருகின்றன. கிற்றாரும் கம்பியும் மந்தரத்தின் பக்கம். சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிஃபயரும் (அம்ப்) ஸ்பீக்கர் பெட்டியும் கனத்தின் பக்கம். காசை எங்கே போடுவது என்று யோசிக்கிற பிள்ளைக்கு இதுதான் முதலில் விளங்க வேண்டும்.

முதலில் கம்பி. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குச் சுரமானி ஞாபகம் இருக்கும். நீளத்தையும் இழுவையையும் மாற்றாமல் ஒரு கம்பியின் மீடிறனைப் பாதியாக்க வேண்டும் என்றால், ஓரலகு நீளத்தின் திணிவு நான்கு மடங்காக வேண்டும். (தமிழ்நாட்டு நண்பர்கள் மீடிறனை அதிர்வெண் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.) வெறும் உருக்குக் கம்பியை அந்த அளவுக்குத் தடிப்பாக்கினால் அது கம்பியாக அதிராது, கோலாக விறைத்து நிற்கும், மேற்றொனிகளும் சுருதி விலகும். அதனால்தான் மெல்லிய உள்கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றிப் பாரத்தை ஏற்றுகிறார்கள். வளைவு உள்ளே, பாரம் வெளியே. இதற்குச் 'சுற்றுக்கம்பி' என்பதே போதும்.

சுற்றுவதில் இரண்டு விதம். வட்டக் கம்பியால் சுற்றினால் விரலுக்கு அரம்போல நெறுநெறுக்கும், சத்தத்தில் பளிச்சென்று ஒரு உலோக மினுக்கம் வரும். தட்டையான நாடாவால் சுற்றினால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், சத்தம் உருண்டு அடங்கி வரும், பழைய டபிள் பேஸ் (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) வாசிப்புக்குக் கிட்ட நிற்கும். முன்னதற்கு 'உருள்சுற்று', பின்னதற்குப் 'பட்டைச்சுற்று' என்று எழுதியிருக்கிறேன். பட்டை என்ற சொல் தச்சர், கொல்லர் எல்லாரிடமும் இருக்கிறது. புதிதாக விளக்கத் தேவையில்லை.

திருகோணமலைப் பிள்ளைக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே வாடைக்காற்று தொடங்கினால் கடலின் உப்பு யன்னல் கம்பியில் இருக்கும், கிற்றார் கம்பியிலும் இருக்கும். உருள்சுற்றின் இடுக்குகளில் வியர்வையும் உப்பும் தங்கிக் கறள் பிடிக்கிறது. பட்டைச்சுற்றில் தங்க இடம் குறைவு. நான் டச்சுக் குடாவுக்குக் கிட்ட இருந்த காலத்தில், மார்கழியில் மாட்டிய உருள்சுற்றுச் செட் தை முடிய முன்னமே மங்கிவிட்டது. மூன்றாம் மெட்டுக்கு (ஃபிரெட்டுக்கு) மேலே, விரல் அடிக்கடி படுகிற இடத்தில், ஒரு பழுப்புக் கோடு. துணியால் துடைத்தால் துணியில் செம்மண் நிறம். அதற்குப் பிறகு வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேல்பக்கம் மட்டுமல்ல, அடிப்பக்கமும் துடைக்கிறேன். துருவேறா உருக்குக் கம்பி உப்பைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் கடினம் கூடியதால் மெட்டுகளை விரைவாகத் தேய்க்கும். இங்கே இருக்கிற ஒருவர் என்னைக் கேட்டால், முதல் செட் பட்டைச்சுற்று என்றே சொல்வேன். விலை கூடத்தான். ஆனால் நின்று பிடிக்கும்.

ஃபிரெட்டுக்கு 'மெட்டு', பிரிட்ஜுக்குக் 'குதிரை', முறுக்கும் ஆணிக்குப் 'பிரடை' என்று வீணைச் சொற்களையே எடுத்துக்கொண்டேன். இவற்றில் விவாதம் வராது என்று நம்புகிறேன். மெட்டு என்ற சொல் பாட்டின் மெட்டோடு மோதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வீணைக்காரர் இவ்வளவு காலமும் மோதாமல்தான் வாசிக்கிறார்கள். அமெரிக்கக் கிற்றார் தயாரிப்பாளர் லியோ பெண்டர் 1951இல் தன் மின் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, மெட்டு வைத்ததால் சுரம் துல்லியமாக விழும் என்பதைக் காட்டத்தான் அதற்குப் பிரசிஷன் (துல்லியம்) என்று பெயர் வைத்தார். அந்த வாத்தியத்தின் கதையே மெட்டில் தொடங்குகிறது.

நீளம்: குதிரையிலிருந்து தலைப்பக்கத்தில் கம்பி படிந்து நிற்கும் முனை வரை வழக்கமான அளவு 34 அங்குலம். 30 அங்குலத்திலும் உண்டு. அதே கம்பியை அதே சுருதிக்குக் கட்டினால் 30 அங்குலத்தில் இழுவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். சின்னக் கைக்கு அது பெரிய ஆறுதல். 'நெடுங்கோல்', 'குறுங்கோல்' என்று போட்டிருக்கிறேன். பிடிக்காவிட்டால் மாற்றுங்கள், எனக்கு அதில் பிடிவாதம் இல்லை.

இனிக் கனத்தின் பக்கம். பாடப்புத்தகத்தில் அம்புக்கு 'விரியலாக்கி' என்று இருக்கிறது. கடையில் எவரும் அப்படிக் கேட்பதில்லை. முதல் இடத்தில் இரண்டையும் எழுதிவிட்டு, பிறகு அம்ப் என்றே போகலாம். சாதாரணக் கிற்றார் அம்பில் பேஸைக் குத்தி வாசிக்க வேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அந்த ஸ்பீக்கரின் கூம்பு அவ்வளவு தூரம் முன்பின் ஓடச் செய்யப்பட்டதல்ல, கிழிந்துவிடக்கூடும். வாற்ஸ் பற்றியும் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். 100 வாற்ஸை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறையப் பத்து மடங்கு வலு வேண்டும். அறைக்குள் சுவர்கள் கனத்தைத் திருப்பித் தரும், கடற்கரை மேடையில் அது காற்றோடு போய்விடும். எட்டு ஓம் பெட்டி இரண்டைச் சமாந்தரமாகப் போட்டால் நாலு ஓம். அம்பின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் ஆகக் குறைந்த ஓமுக்குக் கீழே போகக்கூடாது.

கடைசியாக இரைச்சல். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். இரைச்சலில் அதன் இரட்டிப்பான 100உம் கேட்கும். பேஸின் மெல்லிய கம்பி, ஜி, திறந்தபடி 98. ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) உள்ள கிற்றாரில் வயர் சரியில்லாமல் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பியை மீட்டிப் பாருங்கள். செக்கனுக்கு இரண்டு தரம் வூம், வூம் என்று அடிப்பு கேட்கும். காதால் சுருதி கூட்டுகிற பிள்ளை அந்த அடிப்பு நிற்கும் வரை பிரடையை முறுக்கினால், சுருதியை இரைச்சலுக்குக் கூட்டிவிடும். அது அரைச் சுரத்தில் மூன்றிலொரு பங்கு மேலே. என் மாணவன் ஒருவன் ஒரு மாதம் இப்படித்தான் இருந்தான். பிரசிஷனுக்கு 1957இல் வந்த பிளந்த பிக்கப் இந்த இரைச்சலைத் தானே அழித்துக்கொள்ளும். இதை அறிந்து வாங்குவது நல்லது.

ரீச்சர், வீணைச் சொற்கள் எல்லாம் உங்களிடம் கேட்டுப் படித்தவை. பிழை இருந்தால் திருத்துங்கோ.

ரீச்சரின் மறுமொழி

தம்பி, மடல் நன்றாக இருக்கிறது. வீணையில் வாசிக்கும் நான்கு தந்திகளுக்குச் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று பெயர். ஐந்து கம்பிப் பேஸ் என்று நீங்கள் ஒருமுறை காட்டினீர்களே, அதில் கூடுதலாக இருக்கிற அடிக்கம்பிக்கு அனுமந்தரம் என்று வைத்துவிடுங்கள். சொல் தேடி அலைய வேண்டாம்.

மந்தம் என்றால் சோம்பல் என்று ஒருவர் எழுதியிருந்தார். மந்தமாருதத்தில் எவருக்கும் சோம்பல் தெரிவதில்லை. அதைவிட, மந்தரம் என்றதும் எனக்குப் பாற்கடல் கடைந்த மலைதான் முன்னால் வருகிறது. நல்ல சொல்.

ஆனால் கனத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஐந்தையும் கனராகம் என்கிறோம். அது வேறு விஷயம். பள்ளிப் பிள்ளைக்குக் கனவளவும் (வொலியூம்) தெரியும். "கனத்தைக் கூட்டு" என்றால் மொத்தச் சத்தத்தையும் கூட்டு என்றுதான் விளங்கும். உங்கள் மேடையில் நடந்ததே திரும்பவும் நடக்கும். இன்னும் ஒரு சொல் முன்னால் ஒட்டுங்கள்.

மந்தரக் கிற்றாருக்கு மந்தரி என்ற பெயர்தான் சுருக்கமாக இருக்கும் என்று கொழும்பிலிருந்து ஒருவர் தனி மடல் போட்டிருக்கிறார். நோட்டீஸ் அடிக்கிற அச்சகத்தில் ஒரு சுழி கூடினால் மந்திரி ஆகிவிடும். வேண்டாம்.

என் பதில்

ரீச்சர், நீங்கள் சொன்னது சரி. வீட்டில் தம்பியிடம் "கனத்தைக் கூட்டு" என்று சொல்லிப் பார்த்தேன். அவன் வொலியூமைத்தான் கூட்டினான். பிறகு "அடிக்கனத்தைக் கூட்டு" என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டுப் பேஸ் குமிழில் கை வைத்தான். ஆகவே அடிக்கனம். சத்தத்தின் மொத்த அளவுக்கு உரப்பு ஏற்கெனவே பாடத்தில் இருப்பதால் மூன்றும் தனித்தனியாக நிற்கும். அனுமந்தரத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். 31 ஹேர்ட்ஸில் நிற்கும் கம்பிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பிக்கப்புக்கு 'அதிர்வேந்தி' என்று ஒருவர் தந்திருந்தார். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது இன்னும் வாயில் பழகவில்லை. இந்தப் பதிப்பில் பிக்கப் என்றே விட்டு, சொற்பட்டியலில் அதிர்வேந்தியைப் போடுவோம்.

வருகிற வெள்ளிக்கிழமை அதே ஒலியமைப்பு அண்ணாவோடுதான் நிகழ்ச்சி. நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். குமிழுக்குக் கீழே 'அடிக்கனம்', ஏழாவது சனலுக்குக் கீழே 'மந்தரம்'. ரேப் அவரிடம் இருக்கிறது, மார்க்கரை நான் கொண்டுபோகிறேன்.