எட்டடிக் கம்புக்கு எதிரே நின்றபோது

பத்து வயதில் ஊரில் சிலம்பம் பழகியவன் நான். அந்தத் தெம்பில்தான் லண்டனில் குவார்ட்டர்ஸ்டாஃப் எனப்படும் பழைய ஆங்கிலேயக் கம்புச் சண்டை பழகும் இடத்துக்குப் போனேன். கம்பைக் கையில் தந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் பழகிய கம்பு நெற்றி உயரம். இதுவோ எட்டடி ஆஷ் மரம். கொடிக்கம்பத்தைப் பிடுங்கிக் கொடுத்ததுபோல் இருந்தது.

நீளத்துக்குக் கணக்கு உண்டாம். 1599-இல் ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலேயர் தம் ஆயுதச் சண்டை நூலில் எழுதிவைத்தது: நிமிர்ந்து நின்று இடக்கையால் கம்பை நட்டுப் பிடி, வலக்கையை எட்டும் மட்டும் உயர்த்து, சண்டையில் இரு கைக்கும் நடுவே விடும் இடைவெளியையும் அதற்கு மேல் கூட்டிக்கொள். எனக்கு எட்டடியைத் தாண்டியது!

வழக்கம்போல் கம்பைச் சுற்றிக்கொண்டே நெருங்கினேன். எதிரே நின்ற பெரியவர் சுற்றவே இல்லை. அடிநுனியில் ஒரு கை, சற்றுத் தள்ளி மறு கை, முனை என் மூக்குக்கு நேரே. என் சுற்று முடிவதற்குள் பின்கையால் ஒரு தள்ளு. முன்கைக்குள் வழுக்கி வந்த கம்பு முகக்கவசத்தில் டொக்கென்று விழுந்தது. மூன்று முறையும் அதே குத்துதான். நடுவில் பிடித்து இருபுறமும் தட்டுவதெல்லாம் ஒட்டி நெருங்கிவிட்டால்தான்.

நான்காவது முறை தடுத்துவிட்டேன். ஆனால் வாளுக்கு இருப்பதுபோல் இதற்குக் கைக்காப்பு கிடையாது. அவர் கம்பு என் கம்பின் மேலேயே சறுக்கி வந்து இடது கட்டைவிரலில் இறங்கியது. நகம் கறுத்துவிட்டது.

பதில்: கட்டைவிரலுக்கு என் அனுதாபங்கள். நான் பழகப் போன மண்டபத்தில் கூரை தாழ்வு. முதல் ஓங்கலிலேயே டியூப்லைட் போயிற்று. அதற்கு நான்தான் பணம் கட்டினேன். அன்று பயிற்சியாளர் ஆறுதலாக ரிச்சர்ட் பீக் என்ற கம்பு வீரரின் கதையைச் சொன்னார். இங்கிலாந்தின் டெவன் பகுதி டேவிஸ்டாக் ஊர்க்காரர். 1625-இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தின் மேல் ஆங்கிலேயர் நடத்திய படையெடுப்பில் ஸ்பானியரிடம் பிடிபட்டவர். ஹெரெஸ் நகரில், கோடரித் தலையைக் கழற்றிய ஈட்டிக்கழி ஒன்றை வைத்துக்கொண்டு, வாளும் குத்துவாளும் ஏந்திய மூவரை ஒரே நேரத்தில் எதிர்த்தாராம். ஒருவர் செத்தார், மற்ற இருவரின் ஆயுதம் பறிபோனது. இது பீக் தாமே சொன்ன கதை என்பதால் நான் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் பெரியவரின் குத்தைப் படித்தபின், அவ்வளவு கழிக்கவும் மனம் வரவில்லை.

பதில்: டியூப்லைட்டை நினைத்துச் சிரித்தேன், நகம் வலித்தது. அடுத்த வாரம் கனத்த கையுறையோடு போகிறேன். சுற்றுவதாக இல்லை.