செயலி, சேர்வரின் பெயரைத் தேடியும் முகவரி கிடைக்காதபோது: எங்கள் அனுபவங்கள்

திருநெல்வேலியிலிருந்து ஓர் உறுப்பினர்:

திருநெல்வேலிச் சந்தைக்கு அருகிலுள்ள மொத்த வியாபார நிலையம் ஒன்றுக்கு நாங்கள் செய்துகொடுத்த செயலி, கடையின் வைஃபையில் ஓர் ஊழியரின் அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் மட்டும் ‘ஃபெயில்ட் ஹோஸ்ட் லுக்கப்’ (பெயரைத் தேடியும் முகவரி கிடைக்கவில்லை) என்று காட்டி நின்றுவிடும். மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் ஓடர்கள் தடையின்றிப் போகும். இச்செய்தியைக் கண்டதும் சேர்வர் பழுதாகிவிட்டதென்றே பலர் எண்ணுகின்றனர். சேர்வரின் இணையப் பெயரான டொமைன் பெயருக்குரிய ஐ.பி. முகவரி எனும் எண்ணே கிடைக்காத நிலையில் கோரிக்கை சேர்வரை நோக்கிப் புறப்படுவதே இல்லை என்பதால், சேர்வரின் பதிவேடுகளை எவ்வளவு புரட்டினாலும் அங்கே தடயம் இராது.

கைத்தொலைபேசியின் அமைப்புகளைப் பார்த்தபோது, பெயருக்குரிய முகவரியைத் தேடித்தரும் சேவையைக் குறிக்கும் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற இடத்தில் விளம்பரத் தடுப்புச் சேவையொன்றின் பெயர் இடப்பட்டிருந்தது. அன்ட்ரொய்ட் 9 முதல் உள்ள இவ்வசதி, பெயர்த் தேடலை மறைகுறியாக்கி 853ஆம் போர்ட் (தரவு செல்லும் இலக்கமிட்ட வாயில்) வழியே அனுப்புகிறது. கடை ரவுட்டரிலோ அந்தப் போர்ட் அடைக்கப்பட்டிருந்தது. ‘தானியங்கி’ என்று விட்டிருந்தால் கைத்தொலைபேசி வழமையான தேடலுக்குத் திரும்பியிருக்கும். சேவையின் பெயரைக் குறித்துக் கொடுத்துவிட்டால் அவ்வாறு திரும்பாது. வைஃபையில் ஏனைய செயலிகளும் முடங்கியிருந்ததை, நாங்கள் கேட்ட பிறகுதான் அவர் சொன்னார். முறைப்பாடு மட்டும் எங்கள் செயலிக்கு!

பெயருக்குப் பதிலாக ஐ.பி. முகவரியையே செயலிக்குள் எழுதிவிடலாம் என்று கடை உரிமையாளரின் மகன் யோசனை கூறினார். அதற்கு நான் உடன்படவில்லை. பாதுகாப்பான இணைப்புக்கான எங்கள் எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ் டொமைன் பெயருக்கே வழங்கப்பட்டது, ஐ.பி. முகவரிக்குப் பொருந்தாது. சேர்வரை வேறிடத்துக்கு மாற்றினாலோ எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் செயலியைப் புதுப்பிக்க வேண்டிவரும். அமைப்பைத் ‘தானியங்கி’க்கு மாற்றியதோடு வேலை முடிந்தது.

கொக்குவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் இதே செய்தி வந்தால் செயலிக்குள்ளேயே தேட வேண்டும் என்பது என் அனுபவம். என்னிடம் உதவி கேட்டு வந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஃபிளட்டர் என்ற மென்பொருள் கருவியால் உருவாக்கிய செயலி, மடிக்கணினியில் இணைத்துச் சோதிக்கும்போது நன்றாக ஓடியது, ஏ.பி.கே. எனும் நிறுவல் கோப்பாக்கி அன்ட்ரொய்ட் வைத்திருந்த நண்பர்களுக்கு அனுப்பியபோது எவரிடமும் ஓடவில்லை. இணைய அனுமதி வரியை ஃபிளட்டர் சோதனைப் பதிப்புக்குரிய, அனுமதிகள் எழுதப்படும் மெனிஃபெஸ்ட் கோப்பில் தானாகவே இடுகிறது. வெளியீட்டுப் பதிப்பு பயன்படுத்தும் முதன்மைக் கோப்பில் அதனை நாமே சேர்க்க வேண்டும். ஐபோனில் இத்தகைய அனுமதி வரி தேவையில்லாததால் அங்கே செயலி இயங்கிக்கொண்டிருந்தது. அதனால் அவர் அன்ட்ரொய்ட் வைத்திருந்தவர்களின் இணைப்பைத்தான் சந்தேகித்தார். வரியைச் சேர்த்த பின் ஹொட் ரீலோட் (ஓடிக்கொண்டிருக்கும் செயலியிலேயே மாற்றத்தை ஏற்றுவது) போதாது. செயலியை முழுமையாக மீண்டும் உருவாக்கி நிறுவ வேண்டும்.