இருபுறமும் கட்டக்கூடிய டை: ஓரம் அலை அலையாக வருகிறது, முடிச்சு பெரிதாகிறது. எங்கே தவறு?

ஈரோட்டு ஊசி:

எல்லோருக்கும் வணக்கம். 22 வருடமாக வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். டை தைப்பது இதுதான் முதல் தடவை.

மகன் புனேயில் வங்கி வேலையில் இருக்கிறான். தினமும் டை கட்ட வேண்டும். தை மாதம் அவன் அக்காவுக்குக் கல்யாணம். ஆபீஸ் முடிந்ததும் ரயில் ஏறி, நேராக வரவேற்பு மண்டபத்துக்கே வந்து சேருவான். "ஒரு பக்கம் ஆபீஸுக்கு, திருப்பிக் கட்டினால் வரவேற்புக்கு, அப்படி ஒரு டை தைத்துக் கொடும்மா" என்று கேட்டான். கேட்டதும் எனக்கு என் கல்யாணப் புடவையின் ரவிக்கைத் துண்டு ஞாபகம் வந்தது. அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு, சின்னச் சின்ன ஜரிகைப் புட்டா. 26 வருடமாகத் தைக்காமல் பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் அது, மறுபக்கம் கருநீலம் என்று முடிவு செய்தேன்.

பட்டில் இன்னும் கத்தரி வைக்கவில்லை. பழைய சிவப்பு ஆர்ட் சில்க் புடவையும் நீலச் சட்டைத் துணியும் வைத்து ஒரு மாதிரி தைத்துப் பார்த்தேன். மகனுடைய டையை அளந்ததில் நீளம் 147 செ.மீ., அகலமான இடத்தில் 8 செ.மீ. இருந்தது. இரண்டு துணியையும் கிராஸாக (நூல் ஓட்டத்துக்குச் சாய்வாக), ஒரே அட்டையை வைத்து வெட்டினேன். காலருக்கு வைக்கிற ஒட்டுக் கேன்வாஸை இரண்டு துணிக்குமே இஸ்திரி போட்டு ஒட்டினேன். நல்ல பக்கங்களை உள்ளே வைத்து இரண்டு ஓரத்தையும் மெஷினில் அடித்து, தலையணை உறை மாதிரி வெளியே திருப்பினேன்.

வந்த குறைகள்: ஓரம் அலை அலையாக நிற்கிறது. முடிச்சு எலுமிச்சம்பழம் அளவுக்கு வருகிறது. நீலப் பக்கத்தைக் கட்டினால் ஓரத்தில் ஒரு இடத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கிறது, அரை அடி தள்ளிக் காணோம், அப்புறம் மறுபடியும் தெரிகிறது. தொங்கவிட்டால் நுனி தானாகப் பாதி திரும்பிக்கொள்கிறது. நாலாவது தடவை அவிழ்த்தபோது கழுத்துப் பக்கம் தையல் நூலே அறுந்துவிட்டது.

அந்தப் பட்டு ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது. தவறினால் வேறு கிடையாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரி ஷிப்ட்:

அக்கா, நான் ஹோட்டல் வரவேற்பு மேசையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். தைக்கத் தெரியாது, கட்டத் தெரியும். முடிச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கனமான டைக்கு வின்ட்சர் முடிச்சு வேண்டவே வேண்டாம். ஃபோர்-இன்-ஹேண்ட் என்கிற சாதாரண முடிச்சு போதும், சுற்று குறைவு. அதில் கடைசிவரை ஒரே பக்கம்தான் வெளியே தெரியும். நீலம் வெளியே இருக்கும்படி கழுத்தில் போட்டால் முடிச்சும் நீலமாகவே வரும், பட்டு உள்ளேயே மறைந்திருக்கும்.

ப்ராட் முடிச்சு என்று ஒன்று உண்டு, 1989இல் அமெரிக்காவில் பேசப்பட்டது. அதற்கு டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி கழுத்தில் போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். மகன் அதைக் கட்டுகிறவராக இருந்தால், நீலம் வேண்டும் என்ற நாளில் பட்டு மேலே தெரியும்படி போட வேண்டும். இதில் வால் நுனி (டையின் ஒடுங்கிய முனை) மட்டும் பட்டுப் பக்கமாகவே நிற்கும், முன்பக்கம் விலகினால் தெரிந்துவிடும். அவர் எதைக் கட்டுகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டு மேசை:

தங்கச்சி, மாதிரி தைத்துப் பார்த்த பிறகு கேட்டீர்களே, அதுவே பாதி வேலை. நான் பெங்களூரில் ஒரு டை பட்டறையில் 14 வருடம் வெட்டு மேசையில் நின்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மகனுடைய பழைய டை ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு தையல் ஓடும். நுனிப் பக்கத்தில் விரலை விட்டு லேசாக விரித்தால் நூல் ஒன்று தளர்வாக வளையம் போலத் தொங்கும். பிசிறு என்று நினைத்து அதை வெட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். டையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நூல், நீள நீளமான தையல், இறுக்காமல் விட்டது. டையை இழுத்து முடிச்சுப் போடும்போது கிராஸ் துணி நீள்கிறது, நூலும் கூடவே நகர்ந்து கொடுக்கிறது. அவிழ்த்ததும் இரண்டும் பழைய இடத்துக்கு வருகின்றன. 1920களில் நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்பவர் துணியை 45 பாகையில் மூன்று துண்டாக வெட்டி இணைக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் பட்டறைகளில் அதே வெட்டுத்தான்.

இருபுற டையில் "பின்பக்கம்" என்று ஒன்று கிடையாது. அதனால் அந்தத் தளர்ந்த நூலுக்கு இடம் இல்லாமல் போகிறது. நீங்கள் அதற்குப் பதிலாக இரண்டு ஓரத்திலும் மெஷின் தையல் போட்டீர்கள். துணி நீளும், மெஷின் நூல் நீளாது. ஓரம் அலையானதும் கழுத்தில் நூல் அறுந்ததும் இந்த ஒரே காரணத்தால்தான். ஆகவே ஓரத் தையலைக் கையால் போட்டு, அந்தத் தளர்வை ஓரத்துக்கே கொண்டு போக வேண்டும்.

முடிச்சு பெரிதாவதற்கு இரண்டு துணி இருப்பதுதான் காரணம் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. சாதாரண டையிலும் முன்னால் ஒரு அடுக்கு, பின்னால் ஒரு அடுக்கு துணி இருக்கிறது, ஒரே துணியை மடித்தது என்பதுதான் வித்தியாசம். உங்கள் முடிச்சைப் பெருக்க வைத்தது இரண்டு ஒட்டுக் கேன்வாஸும் ஓரத்தில் உள்ளே சேர்ந்த மடிப்புகளும். ஒட்டுக் கேன்வாஸ் காலருக்கு நல்லது, டைக்கு ஆகாது, துணியை நகரவே விடாது. ஒட்டாத மெல்லிய கம்பளிக் கேன்வாஸ் ஒரே அடுக்கு வையுங்கள், அதையும் கிராஸாகவே வெட்டுங்கள். கிடைக்காவிட்டால் மெல்லிய ஃபிளானல் துணி போதும். காஞ்சிப் பட்டுக்குத் தன் கனமே பெரும்பாலும் போதும்.

தைக்கும் முறை இது. கேன்வாஸைத் தைத்து முடித்த டையின் அகலத்துக்கே வெட்டுங்கள். பட்டை அதன்மேல் வைத்து, இரு ஓரத்திலும் 1 செ.மீ. பின்னால் மடித்து, மடிப்பைக் கேன்வாஸோடு மட்டும் பெரிய பெரிய தையலாகப் பிடியுங்கள். முன்பக்கத் துணியை ஊசி தொடக் கூடாது. நீலத் துணியின் ஓரங்களைத் தனியாக மடித்து இஸ்திரி போட்டு, பட்டைவிட இரு பக்கமும் 1 மி.மீ. குறைவாக வரும்படி செய்யுங்கள். அதைப் பின்னால் வைத்து, மடிப்புக்குள் மடிப்பாக ஊசி ஓடும்படி, புடவைக்கு ஃபால்ஸ் வைக்கிற பொறுமையோடு கையால் தையுங்கள். ஒவ்வொரு தையலும் 1 செ.மீ. அளவுக்கு இருக்கலாம். ஒரு சாணுக்கு ஒரு தடவை நிறுத்தி, துணியை இரு கையாலும் இழுத்து விட்டு, நூல் கொடுக்கிறதா என்று பாருங்கள். வால் நுனியில் 3 செ.மீ. நூலை வளையமாக உள்ளே விட்டு முடியுங்கள். நாலு முனையிலும் ஒரு சின்னக் குறுக்குத் தையல் போட்டால் பிரியாது. முக்கியமாக, இரண்டு ஓரத்தையும் அகல நுனியிலிருந்து வாலை நோக்கியே தைக்க வேண்டும். ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் தைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

இப்படிச் செய்தால் பட்டைக் கட்டும் நாளில் நீலம் தெரியவே தெரியாது. நீலத்தைக் கட்டும் நாளில் சுற்றிலும் மயிரிழை அரக்கு தெரியும், பைப்பிங் வைத்த மாதிரி. இரண்டு பக்கமும் துளிகூடத் தெரியாமல் சரிசமமாக நிறுத்தப் பட்டறையில் நாங்களும் முயன்றிருக்கிறோம். நாலு தடவை கட்டி அவிழ்த்ததும் எங்காவது நழுவிவிடும். எது மேலோங்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவதுதான் நல்லது.

தொங்கும்போது திரும்புவதற்குக் காரணம் வேறு. ஒரே அட்டையை இரண்டு துணியின் நல்ல பக்கத்திலும் ஒரே மாதிரி வைத்து வெட்டினீர்கள். முதுகோடு முதுகு சேர்க்கும்போது ஒன்றின் பாவு (நீளவாக்கு நூல்) இப்படிச் சாய்ந்தால் மற்றதன் பாவு அப்படிச் சாயும். பாவும் ஊடையும் (குறுக்கு நூல்) ஒரே அளவு நீள்வதில்லை, அதனால் ஒன்றை ஒன்று இழுக்கும். நீலத்துக்கு அட்டையைப் புரட்டிப் போட்டு வெட்டுங்கள், சரியாகிவிடும். தைத்து முடித்ததும் நடுவில் ஒரு விரலில் தொங்கவிட்டுப் பாருங்கள். திரும்பாமல் நின்றால் வெட்டு சரி.

பாவு ஊடை:

காஞ்சிபுரம் பக்கம், தறி உள்ள வீடு எங்களுடையது. பட்டை வெட்டுமுன் ஒரு விஷயம் பாருங்கள் அக்கா. ரவிக்கைத் துண்டில் கரை இருந்தால், அது கோர்வைக் கரையா என்று பின்பக்கம் பாருங்கள். கோர்வை என்றால் உடலும் கரையும் தனித்தனி ஊடை, சேரும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துப் போயிருக்கும். அந்த இடத்தைக் கிராஸாக வெட்டி இழுத்தால் முதலில் விடுவது அதுதான். கரை அழகாக இருக்கிறதே என்று நுனியில் கொண்டு வர ஆசை வரும். வேண்டாம், உடல் துணியில் மட்டும் வெட்டுங்கள்.

ஜரிகைப் புட்டா முடிச்சு விழும் இடத்தில் இருந்தால் ஒன்றோடு ஒன்று உரசித் தேயும். புட்டா அடர்த்தியான பகுதியை மார்பில் தெரியும் நுனிக்கு வைத்துக்கொண்டு, முடிச்சுக்கு வெறும் பட்டு வரும்படி அட்டையை நகர்த்திப் பாருங்கள். வெட்டிய உடனே பிசிறும். எனவே வெட்டுவதற்கு முன்பே கோட்டுக்கு வெளியே ஒரு ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். இஸ்திரியைப் பின்பக்கம், நடுவில் மெல்லிய பருத்தித் துணி வைத்து, மிதமான சூட்டில்.

ஈரோட்டு ஊசி:

அண்ணா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. பழைய டையைத் திருப்பி அந்த நூல் வளையத்தைப் பார்த்தேன். மகனுடைய இன்னொரு டையில் அதை நானே பிசிறென்று நினைத்து வெட்டியிருக்கிறேன், அது ஏன் அப்புறம் சரியாக நிற்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

துணி போதுமா என்று கணக்குப் போட்டேன். துண்டு 80 செ.மீ. கிராஸில் அதிகபட்சம் 80 × 1.41, அதாவது 113 செ.மீ. அகலம் போக இன்னும் கொஞ்சம் குறையும். ஆக 70, 42, 40 என்று மூன்று துண்டாக வெட்டினால் இணைப்பும் நுனி மடிப்பும் போக 147 வருகிறது. நீலத்துக்கும் அதே அளவு வைக்கலாமா?

இன்னொன்று. வாலைச் செருகும் பட்டையை எங்கே வைப்பது? எந்தப் பக்கம் வைத்தாலும் அடுத்த நாள் அது முன்னால் தெரியுமே.

கோடு போட்டவன்:

குறுக்கே நுழைகிறேன். அட்டையைப் புரட்டிப் போட வேண்டும் என்கிறீர்கள். எனக்கு இரண்டு பக்கமும் சாய்ந்த கோடு வேண்டும். அப்படியானால் ஒரு பக்கத்துக் கோடு எதிர்த்திசையில் சாயாதா?

வெட்டு மேசை:

தம்பி, சாயும். சரியாகப் பிடித்தீர்கள். பிரிட்டிஷ் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) டைகளில் கோடு கட்டியவரின் இடது தோளிலிருந்து வலப்பக்கமாக இறங்கும். அமெரிக்காவில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்கிற ஆடை நிறுவனத்தார் அதைத் திருப்பிப் போட்டு விற்றார்கள். புரட்டி வெட்டினால் உங்களுக்கு ஒரு பக்கம் அந்த ஊர் டை, மறுபக்கம் இந்த ஊர் டை. எனக்கு அது அழகாகத்தான் படும். இரண்டும் ஒரே திசையில்தான் வேண்டும் என்றால் ஒரு பக்கத்துக்குக் கோடு பாவோடு ஓடும் துணியும், மறுபக்கத்துக்குக் கோடு ஊடையோடு குறுக்கே ஓடும் துணியும் எடுங்கள். அப்போது அட்டையைப் புரட்டி வெட்டினாலும் இரண்டு கோடும் ஒரே பக்கம் சாயும். தேடி எடுப்பது சிரமம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி, நீலத்தின் துண்டுகளை வேறு அளவில் வெட்டுங்கள். இணைப்பு மேல் இணைப்பு விழுந்தால் கழுத்தில் கட்டி மாதிரி உறுத்தும். 66, 50, 36 என்று வைத்தால் முன் இணைப்பும் வால் இணைப்பும் 4 செ.மீ. தள்ளி விழும்.

பட்டைக்கு: ஓரத் தையலுக்குள் இரு பக்கமும் மிகச் சின்னப் பிரஸ் பட்டனின் ஒரு பாதியை வையுங்கள், விளிம்பில் பதிந்திருக்கும்படி. பட்டையைத் தனியாகத் தைத்து, அதன் இரு முனையிலும் மறு பாதி. அன்றைக்கு எது பின்பக்கமோ அங்கே மாட்டிக்கொள்ளலாம். பட்டையின் ஒரு முகம் நீலம், ஒரு முகம் அரக்கு. நுனியிலிருந்து ஒரு சாண் மேலே இருக்கட்டும்.

ஈரோட்டு ஊசி:

அண்ணா, பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முதலில் ஆர்ட் சில்க்கில் இன்னொரு மாதிரி தைத்தேன். விரலில் தொங்கவிட்டேன், திரும்பவில்லை. அதன் பிறகுதான் பட்டில் கத்தரி வைத்தேன். வெட்டும்போது பக்கத்தில் யாரையும் இருக்க விடவில்லை.

ஓரம் தைக்க மட்டும் மூன்று ராத்திரி ஆனது. ஒவ்வொரு சாணுக்கும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் நூல் கொடுக்கவில்லை, அரை அடி பிரித்து மறுபடி தைத்தேன். முடிச்சு இப்போது மகனுடைய கடை டையைவிடக் கொஞ்சம்தான் பெரிது, வரவேற்புக்கு அது எடுப்பாகத்தான் இருக்கிறது. பிரஸ் பட்டன் விளிம்பில் சற்றுத் தடித்துத் தெரிகிறது. அதை எடுத்துவிட்டு மெல்லிய கொக்கி வைத்துப் பார்க்கப் போகிறேன்.

நீலப் பக்கத்தைச் சுற்றித் தெரிகிற அந்த அரக்குக் கோட்டை மகள்தான் முதலில் கவனித்தாள். "அம்மா, இது உன் கல்யாணப் புடவைதானே" என்றாள். அதை ஆபீஸுக்கும் கட்டிக்கொண்டு போவான்.