கொலை வழக்கில் ‘லாஸ் ஆஃப் கண்ட்ரோல்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டுப்பாட்டை இழந்த நிலையில் கொன்றுவிட்டேன் என்று சொல்லி, குற்றத்தைக் கொலையிலிருந்து ஆட்கொலைக்கு (‘மேன்ஸ்லாட்டர்’, கொலையைவிடக் குறைந்த குற்றம்) இறக்கக் கோரும் எதிர்வாதம் ஆங்கிலேயச் சட்டத்தில் உண்டு. அதுதான் ‘லாஸ் ஆஃப் கண்ட்ரோல்’. அதற்கு ‘ஆத்திரமூட்டல்’ என்றே எழுதிவிடலாம் என்று இங்கே இருவர் கருதினார்கள். எனக்கு உடன்பாடில்லை. அது பழைய எதிர்வாதத்தின் பெயர். அந்தப் பழையது ஒழிக்கப்பட்டு, 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54, 55-ஆம் பிரிவுகள் 2010 அக்டோபரில் அதன் இடத்துக்கு வந்தன. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், அந்த மாற்றத்துக்கு முந்தைய தீர்ப்பையும் பிந்தையதையும் தமிழில் எப்படிப் பிரித்து எழுதுவது?

நம் கை அந்தச் சொல்லுக்குப் போவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில், கொலை பற்றிய 300-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கே ‘கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்’தான், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் அலசப்பட்டதும் அதுவே. இங்கிலாந்தில் திருத்தியதோ அந்த இரண்டு சொற்களைத்தான்: ‘திடீர்’, ‘ஆத்திரம்’.

1949-இல் டஃபி வழக்கில் நீதிபதி டெவ்லின் வகுத்த இலக்கணப்படி, கட்டுப்பாடு திடீரென்று குலைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அடிபட்டு, ஒருநாள் திருப்பித் தாக்கிய மனைவிக்கு அந்த இலக்கணம் உதவவில்லை. அப்படிக் கொடுமைப்பட்டு வந்த கிரண்ஜித் அலுவாலியா 1989-இல் இங்கிலாந்தில் படுக்கையில் இருந்த கணவருக்குத் தீ வைத்தார். 1992 மேல்முறையீட்டில் அவருடைய கொலைத் தீர்ப்பு நீக்கப்பட்டபோதும், அது ஆத்திரமூட்டலின் பேரில் அல்ல, மனநிலையால் பொறுப்புக் குறைந்தது என்ற வேறொரு எதிர்வாதத்தின் பேரில்தான். இன்றைய சட்டம் ‘திடீரென்று நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை’ என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இறந்தவர் கொடிய வன்முறையில் இறங்குவார் என்ற அச்சமும் போதுமான காரணம். ஆகவே நாம் ஆக்கும் சொல்லில் சினம், வெகுளி, ஆத்திரம் எதுவுமே இருக்கக் கூடாது.

‘தன்னடக்கமிழப்பு’ வேண்டவே வேண்டாம். பணிவு இல்லாதவரைச் சொல்வது போல இருக்கிறது. ‘கட்டுப்பாட்டை இழத்தல்’ என்றாலோ, லாரி பள்ளத்தில் கவிழ்ந்த செய்திதான் நினைவுக்கு வரும்.

‘நிதானமிழப்பு’ என் முதல் தேர்வாக இருந்தது. 2014-இல் ஜூவெல் வழக்கில், ‘லாஸ் ஆஃப் கண்ட்ரோல்’ என்பதற்கு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஆற அமர எண்ணிச் செயல்படும் திறனை இழத்தல் என்கிற பொருளில்தான் விளக்கம் தந்தார்கள். ஆனால் ‘நிதானத்தில் இல்லை’ என்றால் தமிழில் குடித்திருந்தார் என்று பொருள்! சாதாரண மனிதர் அந்தச் சூழ்நிலையில் எப்படி நடந்திருக்கக்கூடும் என்று ஜூரி எடைபோடும்போது, தானாகக் குடித்த போதை கணக்கில் வராது. வழக்கைக் கெடுக்கும் பொருள் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

என் பரிந்துரை: தன்வசமிழப்பு.

———

ஐயா, ‘தன்வசமிழந்து’ என்பது கச்சேரி விமர்சனச் சொல் அல்லவா? இசையில் மயங்கியவரையும் கொலை செய்தவரையும் ஒரே சொல்லால் குறிப்பதா? ‘தன்னிலையிழப்பு’ என்று வைத்தால் என்ன?

———

‘தன்னிலையிழப்பு’ மயக்கம் போட்டு விழுவதையும் குறிக்குமே, அம்மா. சுயநினைவே இல்லாமல் செய்த செயல் சட்டத்தில் முற்றிலும் வேறு வகை. அதில் விடுதலையே கிடைக்கலாம். இங்கே செய்தவருக்கு நினைவு உண்டு, கொல்லும் எண்ணமும் இருந்திருக்கலாம். குற்றம் கொலையிலிருந்து ஆட்கொலைக்கு இறங்கும், கட்டாய ஆயுள் தண்டனை விலகும், அவ்வளவுதான். கச்சேரிச் சாயல் இருப்பது உண்மை. ஆனால் அச்சத்தால் தன்வசமிழந்தார், அவமானத்தால் தன்வசமிழந்தார் என்று எந்த உணர்ச்சியோடும் அது சேருகிறது. எனக்கு வேண்டியது அந்த நெகிழ்வுதான்.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். ‘டிஃபென்ஸ்’ என்பதற்குத் ‘தற்காப்பு’ என்று எழுதாதீர்கள். வன்முறைக்கு அஞ்சிச் செய்த கொலையில் தற்காப்பு, தன்வசமிழப்பு இரண்டையுமே ஒரே வழக்கில் எழுப்புவது உண்டு. முன்னது வென்றால் விடுதலை, பின்னது வென்றால் ஆட்கொலை. ‘எதிர்வாதம்’ போதும். முழு விடுதலை தராததால் ‘பகுதி எதிர்வாதம்’.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “தன்வசமிழப்புக்குப் போதிய சான்று முன்வைக்கப்பட்டால், அது நிகழவில்லை என்று ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பையே சேரும்.” நாக்கில் இடறவில்லை. இதைவிடச் சிறியதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.