டிரெய்லர் மட்டும் ஏன் மூக்கடைத்த மாதிரி ஒலித்தது? பழைய ஆபரேட்டர்கள் யாராவது சொல்லுங்களேன்

முதல்பெஞ்ச் கேட்டது:

2001, 2002 வாக்கில் எங்கள் ஊரில் டிடிஎஸ் (டிஜிட்டல் ஒலி முறை) பலகை மாட்டிய தியேட்டர் ஒன்றே ஒன்றுதான். போஸ்டரில் நாயகன் பெயரை விட டிடிஎஸ் எழுத்து பெரிதாக இருக்கும். சத்தத்துக்காகவே போவோம். முதலில் நியூஸ் ரீல், பிறகு உள்ளூர் ஜவுளிக்கடை விளம்பரம், அப்புறம் அடுத்து வரப்போகும் படத்தின் டிரெய்லர். அந்த டிரெய்லர் மட்டும் சளி பிடித்தவன் பேசுவது போல் திரையின் நடுவிலிருந்து வரும். சில நாள் பாதி டிரெய்லரில் யாரோ போர்வையை உருவியது போல் சத்தம் பளிச்சென்று விரியும். சில நாள் கடைசிவரை அதே சளிதான். படம் தொடங்கியதும் பின்சுவர் வரை அதிரும்.

அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப்ளிஃபயர். டிடிஎஸ்ஸின் அருமை தெரிய வேண்டும் என்று டிரெய்லரை வேண்டுமென்றே மட்டமாகப் பதிவு செய்வார்கள் என்கிறான் என் நண்பன். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பிரியாணி பந்தயம்.

கேபின்காரன் பதில்:

தம்பி, நான் 1989 முதல் 2012 வரை கேபினில், அதாவது படம் ஓட்டும் அறையில், இருந்தவன். உங்கள் தியேட்டர் எதுவென்று தெரியாது. ஆனால் அந்தப் போர்வையை உருவிய கை யாருடையது என்று தெரியும். ஆபரேட்டருடைய கட்டைவிரல்.

எங்கள் கேபினில் ஒலியைக் கையாண்ட டால்பி பெட்டியின் முகப்பில் எண்கள் போட்ட பொத்தான்கள் உண்டு. 01 என்றால் மோனோ. 04 என்றால் டால்பி ஏ வகை ஸ்டீரியோ. 05 என்றால் எஸ்ஆர், அதாவது இரைச்சலை இன்னும் நன்றாக அடக்கும் வகை. இவை மூன்றும் அனலாக், அதாவது ஃபிலிம் ஓரத்தில் நெளிகோடாக அச்சடித்த சத்தம். டிஜிட்டலுக்கு வேறு பொத்தான். நியூஸ் ரீல் மோனோவில் வரும், 01ஐ அழுத்தி ஓட்டுவோம். 01இல் நடு ஸ்பீக்கர் மட்டும்தான் பேசும். அதோடு உச்ச ஒலிகளைப் பெட்டியே வெட்டிவிடும். 1930களின் ஃபிலிம் ஒலியில் இரைச்சல் அதிகம் என்பதால் அந்தக் காலத்தில் வகுத்த வெட்டு அது. நியூஸ் ரீல் முடிந்து டிரெய்லர் தொடங்கும் அந்த நொடியில் நாங்கள் என்ன செய்துகொண்டிருப்போம்? பக்கத்துப் புரொஜெக்டரில் படத்தின் முதல் ரீலை மாட்டிக்கொண்டிருப்போம். பொத்தான் 01லேயே நிற்கும். ஸ்டீரியோ டிரெய்லர் மோனோ குழாய்க்குள் நுழைந்து சளி பிடித்து வெளியே வரும். நினைவு வந்ததும் ஓடிப்போய் 05ஐ அழுத்துவோம். உங்களுக்குப் போர்வை விலகும். நினைவு வராத நாள் கடைசிவரை சளி.

"டிடிஎஸ் தியேட்டரில் டிரெய்லருக்கு டிடிஎஸ் ஏன் இல்லை" என்பது தனிக் கதை. டிடிஎஸ் சத்தம் ஃபிலிமில் இருக்காது. 1993இல் ஜுராசிக் பார்க்கோடு வந்தபோதே ஏற்பாடு அதுதான். ஃபிலிமில் இருப்பது நேரக்குறி மட்டும், சத்தம் சிடியில். ஃபிலிமில் ஓடும் குறியை ஒரு சின்ன விளக்கு படிக்கும். எந்தப் படம், எத்தனையாவது ரீல், எந்த இடம் என்று அந்தக் குறி சொல்லும். பெட்டி சிடியில் அந்த இடத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கும். படப்பெட்டியோடு வரும் சிடியில் அந்தப் படம் மட்டும்தான் இருக்கும். வேறொரு படத்தின் டிரெய்லருக்கு வேறு சிடி வேண்டும். என் கைக்கு வந்த டிரெய்லர்களில் பெரும்பாலானவை ரப்பர் பேண்டு சுற்றிய ஒரு சுருளாகத்தான் வந்தன. சிடி கிடையாது. பெட்டி தேடும், கிடைக்காது, ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் அனலாக் தடத்துக்கே திரும்பிவிடும். சிடி இருந்தாலும் பிடித்துக்கொள்ளச் சில விநாடி ஆகும். இரண்டரை நிமிட டிரெய்லர் மொத்தமே 225 அடி.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். எஸ்ஆரில் பதிந்த ஒரு டிரெய்லரை நான் ஒரு வாரம் 04இல் ஓட்டினேன். 'ச' வரும்போதெல்லாம் பாம்பு சீறியது. எந்த வகை என்று டிரெய்லரின் தொடக்கத்தில் வரும் படமில்லாத துண்டில் எழுதியிருப்பார்கள். எனக்கு முன் அதை ஓட்டியவர் அந்தத் துண்டை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்.

மிக்சிங்மேசை பதில்:

கேபின்காரர் சொன்னதோடு இன்னொன்று. டிரெய்லரை மட்டமாகப் பதிவதில்லை. தொல்லையே நேர்மாறானது, தேவைக்கு மேல் சத்தமாகப் பதிவார்கள். டால்பி பெட்டியில் ஒலியளவு 7இல் இருந்தால் திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கர் தடமும் சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபெல் தர வேண்டும் என்று அளந்து வைப்பார்கள். படத்தைக் கலக்கும் அறையிலும் அதே அளவு. படம் என்றால் மெல்லிய வசனமும் இருக்கும், வெடியும் இருக்கும். டிரெய்லர் இரண்டு நிமிடமும் வெடிதான். 1990களில் அமெரிக்காவில் புகார் குவிந்தது. 1999இல் டிரெய்லர் ஒலிக்கென்றே ஓர் அமைப்பு வைத்து, சராசரிச் சத்தம் இதைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அதுவும் 85 என்ற அளவுக்கு வந்து நின்றது. நம் ஆட்கள் மாதிரிதான் அங்கும்! சராசரி என்றதும் நடுவில் மூன்று விநாடி கும்மிருட்டு மௌனம், பிறகு ஒரு பேரிடி. கணக்குச் சரியாக வந்துவிடும், காது கிழியும்.

அதனால்தான் பல ஆபரேட்டர்கள் டிரெய்லருக்கு 7ஐ 5க்கு இறக்குவார்கள். அந்தப் பகுதியில் ஓர் எண்ணுக்கு 3.3 டெசிபெல். 5இலேயே மறந்து படத்தைத் தொடங்கினால் முதல் காட்சியின் வசனம் கேட்காது. பால்கனியிலிருந்து விசில் வரும்.

முதல்பெஞ்ச்:

அப்போது பிரியாணி எனக்கு! ஆனால் ஓர் ஐயம், அண்ணே. எங்கள் தியேட்டரில் பல டிரெய்லர்களின் முதல் 'டும்' சத்தமே கேட்காது. படம் வந்த பிறகுதான் சத்தம் வந்து ஒட்டும். அதுவும் கட்டைவிரல்தானா?

கேபின்காரன்:

இல்லை, அது கத்தரிக்கோல். புரொஜெக்டரில் படம் தெரியும் சன்னல் மேலே, அனலாக் ஒலியைப் படிக்கும் தலை கீழே. அதனால் ஒரு படச்சட்டத்துக்கு உரிய சத்தத்தை அதற்குச் சுமார் 20 சட்டம் முன்னாலேயே அச்சடித்து வைப்பார்கள். நீளத்தில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு, நேரத்தில் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவு. ஆக டிரெய்லரின் முதல் 'டும்' படமே இல்லாத கறுப்புத் தொடக்கத் துண்டில்தான் இருக்கும். ஒட்டுப்போடத் தெரியாதவன் "இதில் படம் ஒன்றும் இல்லையே" என்று முதல் படத்தோடு ஒட்ட வெட்டிவிடுவான். அந்த 'டும்' கேபின் தரையில் பீடித்துண்டோடு கிடக்கும்.

இடைவேளைமுறுக்கு பதில்:

நான் இப்போது மல்டிபிளக்ஸில் இருக்கிறேன். எங்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டிரெய்லரும் படமும் ஒரே மாதிரி கோப்புகள், இரண்டுக்கும் 24 பிட் ஒலி. பிளேலிஸ்ட்டில் டிரெய்லர் தொடங்கும் இடத்தில் ஒலியளவு 5, படம் தொடங்கும் இடத்தில் 7 என்று ஒரு குறி போட்டுவிட்டால் பெட்டியே மாற்றிக்கொள்ளும்.

கேபின்காரன்:

நல்லது தம்பி. சத்தம் போனால்?

இடைவேளைமுறுக்கு:

போனால் போனதுதான். படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட வேண்டும்.

கேபின்காரன்:

அதற்குத்தான் கேட்டேன். எங்கள் காலத்தில் சிடி கீறியிருக்கும், டால்பி டிஜிட்டல் என்றால் ஃபிலிம் ஓரத்து ஓட்டைகளுக்கு நடுவே அச்சடித்த கட்டங்கள் தேய்ந்திருக்கும். பெட்டி யாருக்கும் தெரியாமல் அனலாக்குக்கு நழுவிவிடும், பிடி கிடைத்ததும் திரும்பி ஏறும். ஒரு காட்சியில் நாலைந்து முறை இப்படி ஏறி இறங்கியதுண்டு. கீழிருந்து ஒருவர்கூடக் கேட்டதில்லை. என் காதுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அறை சுருங்கி விரிவது தெரியும். டிஜிட்டல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நல்ல நாளில் அதன் கிட்டே அனலாக் வர முடியாது. ஆனால் அந்தப் பழைய நெளிகோடு ஒரு நாளும் காட்சியை நிறுத்த விட்டதில்லை.

முதல்பெஞ்ச்:

அண்ணே, சின்ன வயதில் தியேட்டர் பின்பக்கக் குப்பையில் ஃபிலிம் துண்டு பொறுக்குவோம். படம் இருப்பதை வைத்துக்கொண்டு கறுப்புத் துண்டுகளை வாய்க்காலில் எறிந்துவிடுவோம். அம்மாவின் பழைய பிஸ்கட் டப்பாவை இப்போதுதான் கிளறினேன். தப்பிப்போய் ஒன்று கிடக்கிறது. முழுக்கக் கறுப்பு, கடைசியில் மட்டும் ஒரே ஒரு சட்டத்தில் ஏதோ முகம். ஒரு ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நெளிகோடு. அதற்கும் படத்துக்கும் இடையில் கோடும் புள்ளியுமாக ஒரு மெல்லிய வரி. ஓட்டைகளுக்கு நடுவில் எதுவும் இல்லை.

கேபின்காரன்:

நெளிகோடு அனலாக் ஸ்டீரியோ. நடுவில் இருக்கும் மெல்லிய வரி டிடிஎஸ் நேரக்குறி. கட்டங்கள் இல்லாததால் டால்பி டிஜிட்டல் கிடையாது. கறுப்புப் பகுதியில் எத்தனை சட்டம் என்று ஓட்டையை எண்ணிப் பார். ஒரு சட்டத்துக்குப் பக்கத்துக்கு நாலு ஓட்டை.

முதல்பெஞ்ச்:

92 ஓட்டை. 23 சட்டம். நெளிகோடு முதலில் நேராகத்தான் போகிறது. கடைசி இருபது சட்டம் இருக்கும்போது திடீரென்று தடிக்கிறது.

கேபின்காரன்:

அதுதான் தம்பி உன் 'டும்'.