கடன் வாங்கிக் கழித்தல்: 28 பிள்ளைகள், 6 லேப்டாப், எப்படிப் பிரிப்பது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
கேரளா, பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் மீடியம், 5-ஆம் வகுப்பு. பயிற்சிச் செயலி ரெண்டு பிள்ளைக்கும் 60 சதவீதம்னு காட்டுது. ஆனா ரெண்டு பேரும் செய்யற தப்பு வேற வேற. ஆளுக்கேத்த பயிற்சி கொடுக்க எதை வெச்சுப் பிரிக்கறது? இணையம் வரும், போகும்.

கணக்கு மாஷ்:
டீச்சர், சதவீதத்தை விடுங்க, தப்பு விடையைப் பாருங்க. 503 − 278 கொடுங்க. சரியான விடை 225.

375 வந்தா கடனே வாங்கல. ஒவ்வொரு ஸ்தானத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிச்சிருக்கு. 325 வந்தா பூஜ்யத்தை 9 ஆக்கத் தெரியுது, 5-ஐ 4 ஆக்க மறந்தாச்சு. 275-ன்னா நூறிலிருந்து நேரா ஒன்றுக்குக் கடன், நடுவுல 0 − 7-க்கு 7.

முதல் வகைக்கு ஈர்க்குச்சிக் கட்டைப் பிரிச்சுக் காட்டணும். மத்த ரெண்டுக்கும், கழிக்கறதுக்கு முன்னாடியே 503-ஐ 4 நூறு, 9 பத்து, 13 ஒன்றுன்னு எழுத வைங்க. வீடியோ போட்டா அதே முறையைத்தான் திரும்பச் சொல்லும், பிரயோஜனம் கம்மி.

இணையம் வேண்டாம், லிப்ரேஆபிஸ் கால்க் (எக்செல் மாதிரி இலவச அட்டவணை மென்பொருள்) போதும். ஒவ்வொரு கணக்குக்கும் எதிர்பார்க்கற தப்பு விடைகளை ஒரு அட்டவணையில் போட்டு, 'விலுக்அப்' (VLOOKUP, அட்டவணையில் தேடி எடுக்கற சூத்திரம்) போட்டு தப்பின் பெயரை வரவழைங்க. நாலு விருப்பம் கொடுக்காதீங்க, ஊகிச்சுத் தட்டும். ஒரே தப்பு மூணு கணக்கிலாவது வந்தாத்தான் அதை நிஜத் தப்புன்னு எடுத்துக்கணும். ஒண்ணு கவனக்குறைவா இருக்கலாம்.

வேலந்தாவளம்:
மாஷ் சொன்னதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. 90-ஐ 'தொண்ணூறு'ங்கறோம், பேருக்குள்ள நூறு. 900 'தொள்ளாயிரம்', பேருக்குள்ள ஆயிரம். மலையாளத்திலும் இதே கூத்துதான். 90, 93, 903, 930, 1003 அஞ்சையும் போன்ல பதிஞ்சு, கேட்டு எழுதச் சொல்லுங்க. இதிலேயே தடுமாறினா கழித்தல் பயிற்சி இப்போ வேண்டாம், ஸ்தான மதிப்புக்குப் போங்க.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
6 லேப்டாப்பில் ஒரே பீரியடில் முடியுமா?

கணக்கு மாஷ்:
முடியாது. ஆறு ஆறு பேரா அஞ்சு சுற்று. சுற்றுக்கு 8 நிமிஷம்னாலே 40 ஆச்சு, மாறி உட்கார நேரமில்ல. ரெண்டு நாளாப் பிரிங்க. கணக்கு தாளில், விடை மட்டும் லேப்டாப்பில். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீங்க, 275 எப்படி வந்ததுன்னு அதுலதான் தெரியும். இன்னொண்ணு, பூஜ்யத்துக்குப் பதிலா இங்கிலீஷ் 'ஓ' (O) எழுத்தைத் தட்டும் பிள்ளைங்க. கால்க்கில் டேட்டா மெனுவில் வேலிடிட்டி போய் முழு எண் மட்டும்னு வெச்சுடுங்க.